புகார் வராத சேறு

“உன் பாட்டுல நான் என்னிக்காவது கால வெச்சேனா? சொல்லு தலைவரே. உன் வலைகிட்ட வந்தேனா?”

“நீ வந்தன்னு யார் சொன்னது? செடி நட்ட எடத்துல பூந்து மிதிச்சிகினு கீறீங்க. ஊருக்குத்தான் கெட்ட பேரு.”

“செடி நடறதுக்கு முந்தி அங்க இன்னா இருந்துது?”

“இன்னா இருந்துது, சேறு இருந்துது.”

“உனுக்கு சேறு. என் வூட்டு அடுப்பு அதுலதான் எரிஞ்சிகினு இருந்துது.”

ஏலக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் இந்தச் சண்டை. இந்தப் பக்கம் நான் நின்று எங்கள் புகார்ப் பலகையை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பலகையில் ஒரு போன் நம்பர் இருக்கும். திட்டத்தால் உங்களுக்கு ஏதாவது பாதிப்பு என்றால் கூப்பிடுங்கள் என்று எழுதியிருக்கும். பலகை நிற்கிறதா, நம்பர் அழியாமல் இருக்கிறதா என்று மாதாமாதம் போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். எத்தனை புகார் வந்தது என்றும் கூடவே எழுத வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவருக்கும் வரவில்லையாம்.

என் பெயர் சம்பந்தம். சொந்த ஊர் திருப்பாலைவனம், நெல் விவசாயம் செய்கிற வீடு. பழவேற்காடு ஏரி ஓரத்தில் அலையாத்திச் செடி நடுகிற ஒரு அமைப்பில் வேலை பார்க்கிறேன். செடி நடுவது என் வேலை இல்லை. நடுவதால் ஏரிக்கும் ஜனங்களுக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஆபீசில் அதற்கு ‘சேப்கார்டு’ என்று தொடங்குகிற நீளமான இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. குப்பத்தில் ‘சேப்கார்டு சார்’ என்பார்கள். ‘கார்டு’ என்றதும் வாட்ச்மேன் அனுப்புகிற கம்பெனி என்று நினைத்து ஒருவர் தன் மைத்துனனுக்கு வேலை கேட்டார்.

குப்பத்தின் பெயர் வேண்டாம். கோட்டைக்குப்பம் தாண்டி ஏரிக்கரையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். இந்த ஆன்லைன் குழுவில் பாதிப் பேர் என் மாதிரி களத்தில் வேலை செய்பவர்கள் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

சண்டை போட்டவர்களில் ஒருவர் ஜெரோம், ஊர்த் தலைவர். இன்னொருத்தி எல்லம்மா. எல்லம்மாவின் ஜனம் குப்பத்துக்கு ஓரமாக, தனியாகக் குடியிருக்கிறது. அவர்களிடம் படகு இல்லை, வலை இல்லை. தண்ணீர் வற்றுகிற நேரத்தில் முழங்கால் ஆழச் சேற்றில் உட்கார்ந்து நகர்ந்தபடி கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னின பறி ஒன்று இருக்கும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள்.

நான் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள். என்ன பிரச்சனை என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார் ஜெரோம். எனக்குக் காதில் விழுந்தது என்றேன்.

“காத்து அடிக்குது சார், உன் காதுல இன்னா உயுந்துச்சோ,” என்றாள் எல்லம்மா.

அவ்வளவு நேரம் அடித்துக்கொண்டவர்கள் என்னைப் பார்த்ததும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். எல்லம்மா பறியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஜெரோம் டீ சாப்பிடலாம் வாங்க என்றார்.

விஷயம் எனக்கு ஓரளவு தெரியும். போன வருஷம் ஓடை ஓரச் சேற்றில் முதல் கட்டமாகச் செடி நட்டார்கள். மாடு மேயாமல் இருக்க மூங்கிலும் பழைய வலையும் கட்டினார்கள். உள்ளே யாரும் போகக் கூடாது என்று ஊர் தீர்மானம் போட்டது. இரண்டாம் கட்டம் இந்தத் திங்கட்கிழமை என்று இருந்தது. அதற்குக் குறித்திருக்கிற இடம் தெற்குச் சேறு. அதுவும் போனால் எல்லம்மா ஜனத்துக்குக் கை வைத்துத் துழாவ இடம் இல்லை. மற்றதெல்லாம் ஆழம், அல்லது படகுக்காரர்களின் பாடு.

பாடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊரே சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்ளும். அதுதான் பாடு. அடுத்தவன் பாட்டில் ஒருவனும் கை வைக்க மாட்டான். செடி நடலாமா என்று திட்டத்திலிருந்து கேட்டபோது பாடு உள்ளவர்கள், அதாவது பாட்டுக்காரர்கள், கூடி, எங்கள் பாடு எதுவும் அடிபடவில்லை, நடலாம் என்றார்கள். அது உண்மைதான். ஆழமில்லாத சேறு யாருடைய பாட்டிலும் இல்லை. யாருடைய பாட்டிலும் இல்லாத இடத்தை யாரும் புழங்கவில்லை என்று ஆபீசில் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் எல்லம்மா வீட்டுக்குப் போனேன். நேற்று கேட்டதை மறுபடி கேட்டேன். பலகையில் நம்பர் இருக்கிறதே, ஒரு போன் போட்டிருக்கலாமே என்றேன். அவள் மீன் கழுவுகிற தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“போன் போட்டா நீ வருவ. நீ வந்தா ஆபீஸ் வரும். ஆபீஸ் வந்தா ஊரு சொல்லும், எல்லம்மா ஊரு விசயத்த வெளிய எடுத்துகினு போயிட்டான்னு. அப்பறம் நான் புடிச்ச இறாவ ஏலத்துல யாரும் கேக்க மாட்டான். ஐஸ் குடுக்க மாட்டான். சாலமன் கதை உனுக்குத் தெரியாதா?”

தெரியாது. அவளே சொன்னாள். சாலமன் பாட்டுக்காரர், குப்பத்திலேயே நல்ல வசதி. ஒரு தடவை அவர் வலையை யாரோ அறுத்துவிட்டார்கள். ஊர்க்கூட்டம் கூடுவதற்குள் அவர் கோபத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். ஊர் விஷயத்தை ஊருக்குள் பேசாமல் வெளியே கொண்டுபோனதற்கு ஊர் அவரை ஒதுக்கிவிட்டது. அவர் மீனை யாரும் தொடவில்லை. பெண் கல்யாணத்துக்கு யாரும் போகவில்லை. மாதா கோயில் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். வசதியான சாலமனுக்கே அந்தக் கதி.

நான் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றேன்.

“அந்த சேத்துல எறங்குறது நாங்க ஆறேழு பேருதான். அதுல தலைவர்கிட்ட வாய் குடுக்கிறது நான் ஒருத்திதான். பேரு சொல்லலன்னா தெரியாதா? நீயா பாத்துகினா உண்டு. நான் ஒண்ணும் சொல்லல.”

சொல்லவில்லை என்று சொல்லியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் முடியவில்லை. என் மனைவி லோகாம்பாள், ஒரு இடத்தில் உட்காருங்கள், தரை தேய்கிறது என்றாள்.

சென்னைக்குப் போன் பண்ணினேன். மோகனப்பிரியா என்னைவிட வயதில் சின்னவர், எனக்கு மேலதிகாரி. நல்ல பெண். இருபது இடத்து வேலை அவர் தலையில். நடந்ததைச் சொன்னேன். காதில் விழுந்த சண்டையைப் புகாராக எடுக்க முடியாது சார், யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், பெயர் இல்லாமல்கூட சொல்லலாம், ஆனால் சொல்ல வேண்டும் என்றார். செடிகள் நாற்றங்காலில் தயாராக இருக்கின்றன, மழைக்கு முன்னால் நடாவிட்டால் எல்லாம் போய்விடும் என்றும் சொன்னார். அதுவும் பொய் இல்லை. அலையாத்தி இல்லாமல் இந்தக் கரை தாங்காது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை. வெளியே கொண்டுபோனால்தானே தப்பு? உள்ளேயே பேச வைத்தால்? ஜெரோமிடம் போய், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் ஒரு கேள்வி கேட்கலாமா என்றேன். பாடு இல்லாதவர்கள் கூட்டத்தில் பேச முடியாது, பாட்டுக்காரன் யாராவது உங்களுக்காகக் கேட்டால் உண்டு என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். போன புயலில் அவர் வீட்டுச் சுவரை ஏரி தின்றது. செடி வளர்ந்தால் கரை நிற்கும், இறாலும் குஞ்சு வைக்கும், எல்லம்மாவுக்கும் சேர்த்துத்தானே என்றார். அதுவரைக்கும் அவள் என்ன சாப்பிடுவாள் என்று கேட்டேன்.

“நட்ட எடத்துல வுட்டா மிதிச்சி நாசமாக்கிடுவாங்க சார். வுடலன்னா பாவம். நான் இன்னாதான் பண்றது, நீயே சொல்லு.”

எனக்காகக் கேட்க ஒப்புக்கொண்டது சாலமன். யாருமே ஒப்புக்கொள்ளாதபோது அவர்தான் சிரித்துக்கொண்டே சரி என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வலை வைக்கிற கொட்டகையில் கூட்டம். பாட்டுக்காரர்கள் உள்ளே பாயில். என்னை ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எல்லம்மாவும் இன்னும் சில பெண்களும் கொட்டகைக்கு வெளியே, வெயிலில். ஐஸ் பெட்டி, விளக்கு, ஏலக் கமிஷன் எல்லாம் பேசி முடித்தார்கள். சாலமன் எழுந்தார்.

“கையால இறா புடிக்கிற சனம் நாளைலேர்ந்து எங்க போவும்? இத்த நான் கேக்குறேன். வெளியாள் யாரும் கேக்கல. நான் கேக்குறேன்.”

“பரவால்லயே, இந்த தபா உள்ளயே கேக்குறியே,” என்று ஒருவர் சொல்ல, கொட்டகையே சிரித்தது. சாலமனும் சிரித்தார். முகம் மட்டும் கறுத்தது.

பேச்சு நீண்டது. சேற்றுக்கு யார் சொந்தம் என்று ஒருவர், அரசாங்கத்துக்கு என்று இன்னொருவர். அவர்களும் நம் ஏலத்தில்தானே விற்கிறார்கள், நம்மை நம்பித்தானே இருக்கிறார்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். தரையைப் பார்த்தபடி இருந்த ஜெரோம் நிமிர்ந்தார்.

“எல்லம்மாவுக்கு ஊரு சார்பா ஒரு பாடு குடுத்துடலாம்.”

அந்த ஊரில் பெண்ணுக்குப் பாடு கொடுத்ததில்லை. அந்த ஜனத்துக்கும் கொடுத்ததில்லை. இருவர் எழுந்து எதிர்த்தார்கள். ஜெரோம் தன்னுடைய முறையிலிருந்தே விட்டுத் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் எதிர்க்கவில்லை. அடுத்த சீட்டில் எல்லம்மா பெயரும் போடுவது என்று முடிவானது. அத்தனை பேர் முகத்திலும் பெருமை. எனக்கே கண் கலங்கியது. உண்மையாகத்தான் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

“இன்னா எல்லம்மா, சந்தோசம்தான?” என்று ஜெரோம் வெளியே பார்த்துக் கேட்டார்.

“ஊரு குடுக்குது. நான் இன்னா சொல்றது,” என்றாள். கும்பிட்டாள்.

கூட்டம் கலைந்து கரை ஓரமாக நடக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்தாள். பின்னால் மஞ்சுவும் மற்ற பெண்களும் வந்தார்கள். மஞ்சுவும் அதே சேற்றில் இறங்குகிறவள்தான்.

“படகுக்காரம்மா,” என்று மஞ்சு கூப்பிட்டாள். “போறப்ப எங்களையும் ஏத்திகினு போ.”

எல்லம்மா திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டாள்.

“பாட்டுக்கு இன்னா வேணும் சார்? படகு வேணும். ஆழத்துல கட்டுற வலை வேணும். கூட ரெண்டு ஆம்பள வேணும். என்கிட்ட இன்னா கீது? பறி கீது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்குத் தெரிந்ததில் உயர்ந்தது பாடு. அதற்கு மேல் கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. அதனால் அதையே கொடுத்துவிட்டார்கள். வலை கட்டியே பழகினவர்களுக்கு, வலை இல்லாதவளுக்குப் பாட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றவே இல்லை.

வேறு யாருக்காவது குத்தகைக்கு விடலாமா என்று கேட்டேன். பாட்டை வெளியே விட்டால் பாடே போய்விடும், அதுதான் முறை என்றாள். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். நின்றுவிட்டாள்.

“ஊரு குடுத்தத வேணான்னு சொல்லிட்டு, எந்த ஊர்ல போய் இறா விப்பேன்?”

வாங்கிக்கொண்டால் சேற்றில் அவளுக்கு இனி பேச்சில்லை. பாடு கொடுத்தாகிவிட்டது, கணக்கு முடிந்தது. வேண்டாம் என்றால் ஊரை அவமானப்படுத்தியவள். அதோடு மற்ற பெண்களுக்கு அதுவும் இல்லை. இத்தனை நாள் ஒன்றாக இறங்கியவர்கள், ஒரே மதியத்தில் இவளை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மோகனப்பிரியாவுக்குச் சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பெண்ணுக்கு ஊரே உரிமை கொடுத்திருக்கிறது, இதை விரிவாக எழுதி அனுப்புங்கள், எல்லம்மா சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்றார். படகு இல்லையே என்றேன். அதை வேறு திட்டத்தில் பார்க்கலாம் என்றார். எந்தத் திட்டம், எப்போது என்று கேட்டேன். சார், நல்லது நடந்திருக்கிறது, ஏன் அதில் குற்றம் தேடுகிறீர்கள் என்றார். போனை வைத்த பிறகு நான் கரையிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பஸ் போனது தெரியவில்லை.

இன்று காலை செடிப் படகு வந்தது. நடுகிற கூலி வேலைக்குக் குப்பத்துப் பெண்கள் கரையில் தயாராக நின்றார்கள். தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. தெற்குச் சேற்றில், நடுவதற்குக் குச்சி ஊன்றி வைத்திருந்த இடத்தின் நடுவே எல்லம்மா உட்கார்ந்து இறால் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் ஒருத்தி மட்டும். பல்லில் பறி. யாரையும் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தாள்.

நடுகிற பெண்கள் இறங்காமல் ஜெரோமைப் பார்த்தார்கள். ஜெரோம் ஒரு குரல் கொடுத்தால் போதும், எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவர் குரல் கொடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டுவதும் இறக்கிவிடுவதுமாக நின்றார்.

“நேத்துதான் அவள பாட்டுக்காரின்னு ஊரே சொல்லிச்சு. பாட்டுக்காரிய வெளியாளுங்க முன்னாடி நான் எப்டி வெரட்டறது? நீ போய் சொல்லு சார்.”

பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். நாலு அடியில் செருப்பு சேற்றோடு போய்விட்டது. பக்கத்தில் போய் நின்றதும் அவள் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

“ஊரு குடுத்தத நான் வேணான்னு சொல்லல சார். தலைவர் காதுல உயுற மாதிரியே சொல்றேன். படகு வரட்டும், வலை வரட்டும், நான் பாட்டுக்குப் போறேன். அது வரிக்கும் இங்கதான்.”

சொல்லிவிட்டுக் கயிற்றைக் கடித்துக்கொண்டாள். கரையில் யாரோ சிரித்தார்கள். பிறகு சேற்றில் இன்னொரு ஆள் இறங்குகிற சத்தம். மஞ்சு. அவள் பின்னால் மற்றவர்களும். எல்லம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, படகுக்காரம்மா கொஞ்சம் தள்ளு என்றாள் மஞ்சு. எல்லம்மா தள்ளி இடம் விட்டாள்.

இன்றைக்கு நட வேண்டாம் என்று நான் சொன்னேன். நிறுத்தச் சொல்கிற அதிகாரம் என் வேலைக்கு உண்டு, இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. செடிகளை நிழலில் இறக்கி ஈரச் சாக்குப் போட்டு மூடினோம். ஒரு நாள் கூலி போச்சே என்று நட வந்த பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள். ஜெரோமுக்குக் கோபமா, நிம்மதியா, எனக்குத் தெரியவில்லை.

ஏன் நிறுத்தினேன் என்று நாளை மதியத்துக்குள் சென்னைக்கு எழுத வேண்டும். மோகனப்பிரியா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார், நான் எடுக்கவில்லை. புகார் இருக்கிறது என்று எழுதினால் யார் கொடுத்தது என்று கேட்பார்கள். திட்டத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள் நேரில் வந்து, யார் எல்லம்மா என்று ஊரில் விசாரிப்பார்கள். அதோடு அவள் ஏலத்தில் நிற்க முடியாது. புகார் இல்லை என்று எழுதினால் நாளை மறுநாள் தெற்குச் சேற்றில் செடி நிற்கும். ஆரம்பத்தில் சம்மதம் கேட்ட விதமே தப்பு என்று எழுதினால் திட்டமே நின்றுவிடும். ஜெரோமின் கரை அப்படியே கிடக்கும், அதற்கும் காரணம் எல்லம்மாதான் என்பார்கள். நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்துவிட்டேன். தெற்குச் சேற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஏற்கெனவே வேலி கட்டின இடத்தில் அவர்கள் இறங்கி ஏற ஒரு வழியும் விட்டுவிடலாம் என்று மட்டும் தோன்றுகிறது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், காரணத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அங்கேதான் வந்து முட்டுகிறது.

உங்களில் யாராவது இப்படி ஒரு ஊரில் வேலை பார்த்திருப்பீர்கள். வாய் திறந்தால் ஊர் ஒதுக்கிவிடும் என்கிற ஆளுக்காக, அந்த ஆளை முன்னால் நிறுத்தாமல் எப்படி எழுதினீர்கள்? ஆபீஸ் அதை ஏற்றுக்கொண்டதா? அதற்குப் பிறகு அந்த ஆள் நன்றாக இருக்கிறாரா? தெரிந்தவர்கள் இங்கேயே பதில் எழுதுங்கள், நாளை மதியத்துக்குள் எழுதுங்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.